மாறும் காற்றும் கட்டுமரமும்

கேள்வி: எஞ்சின் வருமுன் திருவொற்றியூர்க் கட்டுமரங்கள் மாறும் காற்றை எவ்வாறு சமாளித்தன?

பதில்: இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையில் காற்றின் மாற்றம் பெரும்பாலும் நேரக்கணக்குக்கு உட்பட்டதாதலால், இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் கரையிலிருந்து வீசும் நிலக்காற்றில் விடியுமுன் வெளியேறிய மீனவர், வெயிலேறியபின் எழும் கடற்காற்றில் பாய் விரித்துத் திரும்பினர். தென்மேற்குப் பருவத்திலோ, ‘கச்சான்’ எனப்படும் மேல்காற்று வலுக்கும் நாள்களில் கடற்காற்று தாமதமாகும். சில நாள் வாராமலே போவதுமுண்டு. அப்போது மரம் பக்கவாட்டில் ஒதுங்காதிருக்கப் பலகையொன்றை நீரில் செங்குத்தாக இறக்கி, முக்கோணப் பாயை இருபுறமும் மாற்றி மாற்றிக் குறுக்காக ஓடிக் கரையை அணுகுவர். அதுவும் இயலாவிடில் துடுப்பே துணை. மாலை இடிமழையோடு மேற்கிலிருந்து பாயும் சூறைக்காற்றே உண்மையான இடர். அதற்குமுன் பாயை இறக்கிவிட வேண்டும், ஏனெனில் மரம் கவிழ்ந்தாலும் மூழ்காது என்றபோதிலும் ஆளும் வலையும் கடலில் விழும்.