வானொலிக் காரைப் பேணுதல்

கையில் கருவி, தரையில் கார். இடையே கம்பி இல்லை. 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் சிறு படகொன்றை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார். இன்றைய விளையாட்டுக் கார்களுக்கும் அடிப்படை அதுவே. ஓட்டுவது எளிது, பேணுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

முதலில் கைக்கருவியை இயக்கிய பிறகே காரை இயக்குவோம். நிறுத்தும்போது காரையே முதலில் அணைப்போம். கட்டளை கிடைக்காத கார் சில வேளை தானாகப் பாய்ந்துவிடும்.

ஓட்டி முடிந்ததும் மண்ணைத் தூரிகையால் துடைத்து, அச்சில் சுற்றிய தலைமுடியை எடுப்போம். (நம் வீட்டுக் கூடத்தில் ஓட்டினால் இதற்குப் பஞ்சமே இல்லை!) நனைந்த பேரிங்குகளை உலர்த்தி ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். மோட்டாரின் சிறிய பல்சக்கரம் பெரியதோடு மிக இறுகினால் பற்கள் தேயும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டை வைத்துப் பொருத்தி, பின் அதை எடுத்துவிட்டால் தேவையான இடைவெளி கிடைக்கும்.

மிகுந்த கவனம் வேண்டுவது பாட்டரிக்குத்தான். லித்தியம் பாலிமர் பாட்டரியில் ஒவ்வொரு செல்லும் நிறைந்த நிலையில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடும். தேர்வுக் காலத்தில் பல நாள் எடுத்துவைப்பதானால் 3.8 வோல்ட் அளவில் வைப்பது நல்லது. மின்னேற்றும்போது அருகிலேயே இருப்போம். துணியும் காகிதமும் பக்கத்தில் வேண்டாம். உப்பிய பாட்டரி தீப்பற்றக்கூடும். "இன்னும் ஒரே ஒரு முறை" என்று கெஞ்சும் தம்பியிடமிருந்து அதை அன்றே வாங்கி, பெரியவர்களிடம் கொடுத்துவிடுவோம்.