எஞ்சின் விளக்கு ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது?

கொள்ளேகாலுக்கு ரயில் கிடையாது. மைசூரிலிருந்து வரும் தண்டவாளம் சாம்ராஜநகரோடு நின்றுவிடுகிறது. முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டிய நான் என் அக்கா வீட்டுக்கு மட்டும் பஸ்ஸில்தான் போய்வர வேண்டும். 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த தாலுகா அது. பட்டுத் தெருக்களில் இன்றும் தமிழ் காதில் விழும்.

அக்கா மகன் பட்டு நூல் வியாபாரி. மூன்று வருஷத்துக்கு முன் பெங்களூரில் 2006-ம் வருஷத்து ஜெர்மன் சொகுசுக் கார் ஒன்றை, ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, பழைய விலைக்கு வாங்கினான். ஆசைக்கு வாங்கியது என்று ஊரில் சொன்னார்கள். அக்காவுக்கு வாரம் இருமுறை மைசூரில் டயாலிசிஸ். சுமார் அறுபது கிலோமீட்டர் போய், அவ்வளவு தூரம் திரும்ப வேண்டும். சிகிச்சை முடிந்து வரும்போது பின் சீட்டில் படுத்துக்கொண்டே வர இந்த வண்டிதான் தோது.

அந்த வண்டியில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. பட்டறையில் கருவியை மாட்டினார்கள், எண்ணைப் படித்தார்கள், அழித்தார்கள். இரண்டு நாளில் மறுபடி விளக்கு. ஆக்ஸிஜன் சென்சார் இரண்டையும் மாற்றினார்கள், 38 ஆயிரம் ரூபாய். மறுபடி விளக்கு. கடைசியில், "கம்ப்யூட்டரே போய்விட்டது, ஒன்றரை லட்சம் ஆகும்" என்றார்கள். "மாமா, வித்துடட்டுமா?" என்று போனில் கேட்டான். "பொறு மாப்ளே, ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்றேன்.

நான் கார் மெக்கானிக் அல்ல. டிப்ளமோ முடித்து டீசல் லோகோ ஷெட்டில் சேர்ந்தவன். ஆனால் இந்த நோய் எனக்குப் பழக்கமானது. டபிள்யூ.டி.எம்-2 எஞ்சினில் கிரவுண்ட் ரிலே என்று ஒன்று உண்டு. மின்சாரம் எங்காவது உடம்பில் கசிந்தால் அது விழுந்து இழுவையை நிறுத்திவிடும். டிரைவர் பட்டனை அமுக்கி மறுபடி ஓட்டுவார், மறுபடி விழும். அப்போது ஆறு மோட்டார்களையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்க்க வேண்டும். எதைத் துண்டித்தபோது ரிலே விழாமல் நிற்கிறதோ அந்த மோட்டாரில் கோளாறு. ரிலேயைக் கழற்றி எறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

காரின் விளக்கு எப்படி எரிகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கோளாறுகளை ஒரு பயணத்தில் கண்டால் கம்ப்யூட்டர் மனத்தில் மட்டும் குறித்துக்கொள்ளும். அடுத்த பயணத்திலும் கண்டால்தான் விளக்கை ஏற்றும். எனவே எண்ணை அழித்தால் இரண்டு நாள் விளக்கு இருக்காது. அது குணமானதால் அல்ல, கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியதால். பட்டறை வாசலில் அணைந்த விளக்கு வீட்டு வாசலில் எரிவதன் ரகசியம் இதுதான்.

அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரிப் பதினாறு முனைச் சொருகியும் பொதுவான எண்களும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது. இந்தியாவில் 2010-ல் தொடங்கி 2013-ல் முழுமையாயிற்று. ஐரோப்பியச் சொகுசுக் கார்களில் நம் சட்டத்துக்கு முன்பே அந்தச் சொருகி இருந்தது. ஸ்டீரிங்குக்குக் கீழே தடவிப் பார்த்தால் கைக்குக் கிடைக்கும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு சிறு கருவி வாங்கி அதில் மாட்டினால் செல்போனிலேயே படிக்கலாம்.

எங்கள் வண்டியில் இரண்டு எண்கள்: பி0171, பி0174. 'பி' என்பது எஞ்சினும் கியர்பெட்டியும். அடுத்த 0 எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் என்பதைக் காட்டும். மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 வந்தால் காற்று, பெட்ரோல் சம்பந்தம். 3 வந்தால் பற்றவைப்பு. 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு. 0171 என்றால் முதல் வரிசைச் சிலிண்டர்களில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. 0174 இரண்டாம் வரிசைக்கு அதே புகார்.

இங்கேதான் யோசிக்க வேண்டும். இரண்டு வரிசைக்கும் தனித்தனி சென்சார். இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரிக் கெடுமா? கெடாது என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில் கோளாறு. சென்சார்கள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கின்றன.

எண்ணை அழிக்கும் முன் கூடவே பதிவாகியிருக்கும் விவரங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு கண்ட நொடியில் வேகம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். அடுத்து பாட்டரி. நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது ஏறக்குறைய 14-ம் இருக்க வேண்டும். பழைய சொகுசுக் கார்களில் கம்ப்யூட்டர்கள் பல. வோல்ட் இறங்கினால் பொய்யான எண்களைக் கொட்டும். எங்களுடையது சரியாக இருந்தது.

இனி முக்கியமான பாடம். காற்று வடிகட்டியைத் தாண்டியதும் காற்றை அளக்கும் மானி ஒன்று உண்டு. அது சொல்லும் கணக்குப்படி கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது, எடைக்கு எடை சுமார் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு. ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் பரிசோதகர் ஆட்களை எண்ணுவது போல. வேலி உடைந்த இடத்தில் பத்துப் பேர் நுழைந்தால் அவர் கணக்கில் வராது. மானியைத் தாண்டி எங்காவது குழாய் வெடித்திருந்தால் அப்படித்தான் எண்ணாத காற்று உள்ளே போகும். புகைக்குழாயில் உள்ள சென்சார் மிச்ச ஆக்ஸிஜனைக் கண்டு புகார் செய்யும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டும். எத்தனை சதவீதம் கூட்டியது என்பதைச் செல்போனில் பார்க்கலாம். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை.

எங்கள் வண்டி நின்றபடி ஓடும்போது இரு வரிசையிலும் 22 சதவீதம் கூடுதல். ஆக்ஸிலேட்டரை அழுத்தி 2500 சுற்றில் பிடித்தேன். மெல்ல இறங்கி 5-க்கு வந்தது. விடை கிடைத்துவிட்டது. மெதுவாக ஓடும்போது எஞ்சினுக்குள் போகும் காற்று கொஞ்சம், உறிஞ்சும் வேகம் அதிகம். அதனால் ஓட்டை வழி வரும் பங்கு பெரிதாகத் தெரியும். வேகத்தில் காற்று ஏராளம், ஓட்டையின் பங்கு அற்பம். ஆகவே ஓட்டைதான். மாறாக, நிற்கும்போது நன்றாக இருந்து பளு ஏற ஏறச் சதவீதம் கூடினால் பெட்ரோல் பம்ப், வடிகட்டி, அல்லது அழுக்கேறிய காற்றுமானியைப் பாருங்கள்.

ஓட்டை எங்கே? மைசூரில் புகை செலுத்திக் கண்டுபிடிக்கும் பட்டறைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகாலில் அதற்கு எங்கே போவது? பெட்ரோல், ஸ்பிரே எதையும் சூடான எஞ்சின்மேல் அடித்துப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். நான் ஷெட் முறையைக் கையாண்டேன். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டக் கையை வைத்துக்கொண்டு, ரப்பர் குழாய்களைத் துணி சுற்றிய குறடால் ஒவ்வொன்றாக மெல்ல நெரித்தேன். மருமகன் செல்போனில் சதவீதத்தைப் படித்தான். "மாறலை மாமா... மாறலை..." ஐந்தாவது குழாய், எஞ்சினின் பின்புறம் எண்ணெய் ஆவி திரும்பிவரும் முழங்கைக் குழாய். "இறங்குது மாமா!" என்று கத்தினான். இறுகிப்போன அந்தக் குழாய் குறடிலேயே இரண்டாகப் பிளந்தது. அடிப்பக்கம் ஏற்கெனவே விரலளவு வெடிப்பு, மேலிருந்து பார்த்தால் தெரியாது.

புதுக் குழாய் 1,900 ரூபாய், பெங்களூரிலிருந்து வர நான்கு நாள். அதுவரை அக்கா வாடகைக் காரில் போனாள். குழாயை மாட்டியபின் எண்ணை அழிக்க வேண்டாம் என்றேன். கோளாறு இல்லாத பயணங்கள் தொடர்ந்து மூன்று ஆனால் பொதுவாக விளக்கு தானே அணையும். அதுதான் உண்மையான சான்று. மூன்றாம் பயணத்தில் திருமக்கூடல் நரசிபுரம் தாண்டும்போது அணைந்தது.

இரண்டு மாதம் கழித்து, கோயம்புத்தூர் போகும் வழியில் திம்பம் மலைப்பாதையில் விளக்கு வேறு விதமாக வந்தது. எரியவில்லை, மினுக்கியது. இதைக் குடும்பத்தில் எல்லோரும் நினைவில் வையுங்கள். நிலையாக எரிந்தால் வீடு போய்ச் சேரலாம். மினுக்கினால் உடனே வேகத்தைக் குறைத்து, ஓரம் கிடைத்ததும் நிறுத்த வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டர் பற்றாமல் பெட்ரோல் அப்படியே வெளியேறுகிறது. அது புகைக்குழாயில் உள்ள கட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலை கம்ப்யூட்டர் விலைக்குக் குறையாது.

எண் பி0303, மூன்றாம் சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில். மூன்றிலிருந்த காயிலை ஐந்துக்கும், ஐந்திலிருந்ததை மூன்றுக்கும் மாற்றி மாட்டச் சொன்னேன். அடுத்து வந்த எண் பி0305. கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது. மாறாமல் மூன்றிலேயே நின்றிருந்தால் பிளக்கையும் இஞ்செக்டரையும் பார்த்திருக்க வேண்டும். ஒரு காயில் மட்டும் வாங்கினோம். மற்ற ஐந்தும் பழசுதான். அதனால் இன்னொன்று வாங்கி டிக்கியில் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.