மெஷ் மாட்டினால் நெட் பறக்குமா?

வீட்டில் நெட் இழுவையாக இருந்தால் மெஷ் வைஃபை வாங்கி மாட்டினால் பறக்கும் என்பது இன்று வலுவாக வேரூன்றிவிட்ட நம்பிக்கை. ஆனால் வீட்டில் ஆங்காங்கே வைக்கும் இந்த மெஷ் பெட்டிகள் நெட்டை உண்டாக்குவதில்லை. தெருக்கம்பத்திலிருந்து ஃபைபர் எதைக் கொண்டுவருகிறதோ, அதைத்தான் அறை அறையாகப் பங்கு வைக்கின்றன. எனவே முதலில் மோடத்துக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயே இழுத்தால் பிழை பெரும்பாலும் இணைப்பில் இருக்கிறது. எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் மெஷ் அதைத் தீர்க்காது. அங்கே நன்றாக இருந்து, மச்சுக்குப் போனதும் செத்துப்போகிறது என்றால்தான் மெஷ்ஷைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

அப்போதும் "வீடு பெரிசு, சிக்னல் எட்டவில்லை" என்று தூரத்தின் மேல் பழி போடுவது தவறு. தூரம் மட்டும் வைஃபைக்குத் தடையல்ல. 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், சுற்றுவட்டாரப் பார்வை மையங்களுக்கு வந்தவர்களை வீடியோவில் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு அமைத்துக்கொடுத்தது வைஃபை இணைப்பைத்தான். பல கிலோமீட்டர் தாண்டி வேலை செய்தது. அது கோபுரத்து ஆன்டெனா, தூரத்துக்கென்று திருத்திய மென்பொருள், வீட்டு ரௌட்டரோடு எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று மறைப்பின்றிப் பார்த்ததால்தான் பேசிக்கொண்டன. கயத்தாற்றின் கரிசல் வெளியில், மரமும் சுவரும் இல்லாத இடத்தில், சாதாரண ரௌட்டரின் சிக்னல்கூட ஐம்பது மீட்டர் தாண்டும். அதே சிக்னல் பழைய வீட்டின் கனத்த கல்சுவரிலும், புது வீட்டின் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்திலும் பத்தடியில் துவண்டுவிடுகிறது. அதிக வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4-ஐவிடச் சுவரில் கூடுதலாக அடிபடும். இரும்பு பீரோ அலையைத் திருப்பிவிடும். தண்ணீர்த் தொட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரைச் சேமித்தே வாழும் நம் கரிசல் பகுதியில் தொட்டியில்லாத வீடு ஏது? பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரௌட்டரை உயரத்தில், நடு அறையில் வைத்தாலே பல வீடுகளுக்குப் போதும்.

சுவர்தான் தடை என்றால் பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போவதிலும் பயனில்லை. கம்பியில்லாமல் இணைந்த மெஷ் பெட்டி, ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுத்தால், ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். இரண்டு பெட்டிகளையும் ஒரு லேன் கேபிளால் இணைத்துவிட்டால் அந்த இழப்பு இல்லை. கம்பி வேண்டாம் என்றுதானே மெஷ் வாங்குகிறோம் என்பார்கள். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது, உண்மைதான். வாடகைக்கு இருப்பவர்கள், பெட்டிகள் தங்களுக்குள் பேசவென்றே தனி அலைவரிசை உள்ள டிரை-பேண்ட் வகையைப் பார்க்கலாம், விலை கூடும். சொந்த வீட்டுக்காரர்கள், டிவி கேபிளுக்குப் போட்ட குழாயில் இடமிருந்தால் லேன் கேபிளையும் இழுத்துவிடலாம்.

ஒரு பெட்டி நின்றாலும் மற்றவை சமாளித்துக்கொள்ளும் என்பதும் பாதி உண்மையே. மாற்றுவழி இருந்தால்தான் மெஷ் மாற்றிப் போகும். முன்னறை, நடு அறை, மச்சு என்று வரிசையாக வைத்த மூன்றில் நடுப்பெட்டிக்குக் கரண்ட் போனால், மச்சுக்கு வழியே இல்லை. மோடத்தை மட்டும் இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கும் வீடுகளில் ஒவ்வொரு மின்வெட்டிலும் நடப்பது இதுதான். எல்லாப் பெட்டிகளுக்கும் அதே இன்வெர்ட்டரிலிருந்து பிளக் வேண்டும்.