கித்தா மரம் பிறந்த மண்ணில் மனித உரிமை

இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்தால் ஏழைகளுக்கு விடிவு பிறக்கும் என்பர் ஒரு சாரார். அவர்கள் வந்தால் பேச்சுரிமையும் சொத்துரிமையும் பறிபோகும் என்பர் மறுசாரார். எங்கள் பயிற்சி வகுப்பில் இவ்வாண்டு இந்த வாக்குவாதம் மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் கியூபாவில் தொடங்கி சோவியத் ஒன்றியத்தில் முடிந்தது. தேர்தலில் வென்று, நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டே ஆண்ட ஓர் இடதுசாரி அரசை யாரும் எடுத்துப் பேசவில்லை. அந்தக் குறையால்தான் இக்கட்டுரைக்குப் பிரேசிலைத் தேர்ந்தெடுத்தேன். 2003 முதல் 2016 வரை தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த லூலாவும், அவருக்குப் பின் டில்மா ரூசெஃபும் அந்நாட்டை ஆண்டனர்.

பிரேசிலுக்கும் நமக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. நம் முன்னோரைக் கப்பலேற்றிய கித்தா மரத்தின் பூர்வீகம் அதுதான்.

அமேசான் காட்டில் மரம் சீவியவர்களின் வாழ்வும் நமக்குப் புதிதல்ல. கத்தி, உப்பு, மரவள்ளி மாவு எல்லாவற்றையும் முதலாளி கடனாகத் தருவார். வெட்டிய பாலை அவரிடமே விற்க வேண்டும். கணக்குப் புத்தகமும் அவரிடமே இருக்கும். கடன் தீராமல் காட்டை விட்டு வெளியேற முடியாது. பேராக்கில் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம் இதைச் சொன்னேன். "அங்கயும் கடைப் புஸ்தகமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தொழிலாளர்களிலிருந்து எழுந்தவர்தான் சிக்கோ மெண்டிஸ். மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை அழிக்க வந்தவர்களின் முன்னே குடும்பம் குடும்பமாக நின்று மறித்த தொழிற்சங்கத் தலைவர். 1988 டிசம்பர் 22ஆம் நாள், சாபுரி என்ற சிற்றூரில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் தோழமையாகப் போராடிய மரினா சில்வா, மரம் சீவும் குடும்பத்தில் பிறந்து 16 வயதில்தான் எழுத்தறிவு பெற்றவர். 2003இல் லூலா அவரைச் சுற்றுச்சூழல் அமைச்சராக்கினார். தோட்டத்துப் பிள்ளை அமைச்சராவது என்றால் என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி கொள்கைக்கு வருவோம். பிரேசிலில் அடிமைமுறை 1888இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் உட்பகுதிப் பண்ணைகளில் கடன் அடிமைத்தனம் தொடர்ந்தது. வறண்ட மாநிலங்களுக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வருபவனை அங்கே 'பூனை' என்று அழைக்கிறார்கள். நம் கங்காணியின் தூரத்து உறவினன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இக்கொடுமை இருப்பதை 1995இல் ஒப்புக்கொண்டு, நடமாடும் ஆய்வாளர் குழுவை அமைத்தது லூலாவுக்கு முந்தைய கார்டோசோ அரசு. அதன் பெருமையை இடதுசாரிகளுக்குச் சூட்டுவது நேர்மையாகாது.

லூலா அரசு செய்தது அந்தக் குழுவுக்குப் பல் முளைக்க வைத்தது. 2003 மார்ச்சில் அடிமை உழைப்பு ஒழிப்புக்கான முதல் தேசியத் திட்டம் வந்தது. அதே டிசம்பரில் குற்றவியல் சட்டத்தின் 149ஆம் பிரிவு திருத்தப்பட்டது. கட்டாய உழைப்பு, உடலை முறிக்கும் வேலை நேரம், மனிதத்தன்மையற்ற சூழல், கடனைக் காட்டி வெளியேற விடாமை ஆகிய நான்கில் எது இருந்தாலும் குற்றம். 2 முதல் 8 ஆண்டு வரை சிறை. சங்கிலி வேண்டியதில்லை, காவலுக்குத் துப்பாக்கியும் வேண்டியதில்லை. மாடு குடிக்கும் குட்டையில் ஆளையும் குடிக்க வைத்தாலே போதும்.

இதைவிட என்னைக் கவர்ந்தது 'அழுக்குப் பட்டியல்'. பிடிபட்ட முதலாளிகளின் பெயர்களை அரசு வெளியிட்டது. பெயர் இரண்டு ஆண்டு பட்டியலில் இருக்கும். அதுவரை அரசு வங்கிகள் கடன் தர மறுக்கும். சிறைக்கு அஞ்சாத பண்ணையார் வங்கிக் கடனுக்கு அஞ்சினார். மனித உரிமை என்றால் மேடைப் பேச்சு என்று நினைத்திருந்த எனக்கு, அது ஒரு வங்கி அதிகாரியின் மேசை வரை வந்து நிற்க வேண்டிய காரியம் என்று புரிந்தது இங்கேதான்.

இதற்கு விலையும் இருந்தது. 2004 ஜனவரி 28ஆம் நாள், உனாயி என்ற ஊரருகே ஆய்வுக்குச் சென்ற மூன்று அதிகாரிகளும் அவர்களின் ஓட்டுநரும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

2007இல் பாரா மாநிலத்தின் ஒரு கரும்புப் பண்ணையில் 1,064 தொழிலாளர்கள் மீட்கப்பட்டனர். கரும்பிலிருந்து எடுக்கும் எத்தனால் எரிபொருளை லூலாவே உலகெங்கும் விளம்பரம் செய்துகொண்டிருந்த காலம் அது. மேலவை உறுப்பினர்கள் சிலர் பண்ணைக்கு நேரில் சென்று ஆய்வாளர்களையே குறை கூறினர். ஆய்வுக் குழு தன் பணியைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. உரிமையைக் காக்கும் துறையும் ஏற்றுமதியை வளர்க்கும் துறையும் ஒரே அரசுக்குள் மோதும்போது எது குரலை உயர்த்தும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

பெரிய உதாரணம் பெலோ மோண்டி அணை. சிங்கு ஆற்றின் குறுக்கே 11,233 மெகாவாட் மின்திட்டம். கரையில் பூர்வகுடி மக்கள். அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று கூறும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 169ஆம் உடன்படிக்கையில் பிரேசில் ஏற்கெனவே இணைந்திருந்தது. மரினா சில்வா 2008 மே மாதத்திலேயே பதவி விலகிவிட்டார். 2011 ஏப்ரலில், உரிய கலந்தாய்வு நடக்கும்வரை வேலையை நிறுத்துமாறு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் கேட்டுக்கொண்டது. பிரேசில் என்ன செய்தது? சினங்கொண்டு அமெரிக்க நாடுகள் அமைப்பிலிருந்த தன் தூதரைத் திரும்ப அழைத்தது. சில மாதங்களில் ஆணையம் தன் கோரிக்கையைத் தளர்த்தியது. அணை எழுந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர்.

அப்போதைய அதிபர் டில்மா, இளமையில் இராணுவ ஆட்சியின் சிறையில் சித்திரவதைப்பட்டவர். இராணுவக் கால மீறல்களை விசாரிக்க அவர் 2012இல் அமர்த்திய உண்மை ஆணையம், 434 பேர் கொல்லப்பட்டதாகவோ காணாமற்போனதாகவோ 2014 டிசம்பர் 10ஆம் நாள் பட்டியலிட்டது. குறைந்தது 8,350 பூர்வகுடியினர் இறந்தனர் என்ற மதிப்பீடும் அதே அறிக்கையில் உண்டு. சாலைக்காகவும் அணைக்காகவும் அவர்களின் நிலம் பறிபோன வரலாறு அதில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, சிங்கு ஆற்றங்கரையில் புல்டோசர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இதை வைத்து, இடதுசாரிகளும் மற்றவரைப் போலத்தான் என்று ஒரு நண்பர் முடித்துவிட்டார். எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. இவர்களின் ஆட்சியில் 2007இல் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர் பண்ணைகளிலிருந்து மீண்டனர். அந்த ஆறாயிரம் பேரிடம் போய் எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்ல முடியுமா? ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தனியார் பண்ணையார் மீறும்போது பாய்ந்த அதே அரசு, தானே மீறுபவராக ஆனபோது 'ஏழைகளுக்கு மின்சாரம் வேண்டாமா' என்று கேட்டது. ஏழைகளின் பெயரால் வரும் வாதம் என்பதால் அதை மறுப்பதும் கடினம். வலதுசாரி அரசு அணை கட்டியிருந்தால் எதிர்க்க ஒரு பெரிய கட்சி இருந்திருக்கும். இங்கே அந்தக் கட்சியே ஆட்சியில் இருந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. பால்மரம் இன்று கையுறையாகியிருக்கிறது. 2019க்கும் 2021க்கும் இடையில், கட்டாய உழைப்பு ஐயத்தின் பேரில் மலேசியக் கையுறைத் தொழிற்சாலைகள் சிலவற்றின் பொருள்களை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. வேலைக்கு வர முகவரிடம் பட்ட கடனை ஆண்டுக்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தாம் அங்கே இருந்தனர். இப்போது கடைப் புத்தகத்தில் பெயர் நம்முடையதல்ல. 2023 ஜனவரி முதல் நம் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 90பி என்ற புதிய பிரிவு நடப்பில் உள்ளது. மிரட்டியோ ஏமாற்றியோ வற்புறுத்தியோ வேலை வாங்கி, அந்த இடத்தை விட்டு வெளியேறவும் விடாமல் தடுத்தால் முதலாளி குற்றவாளி. இரண்டும் சேர வேண்டும். மனிதத்தன்மையற்ற சூழல் மட்டும் இருந்தால், அப்பிரிவின்படி அது கட்டாய உழைப்பு ஆகாது. பிரேசிலில் ஆகும்.