காற்றின் இரைச்சலும் செவியின் நலமும்

நாள்தோறும் 40, 50 கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் சென்று கிராமங்களைப் பார்வையிட்டுத் திரும்பும் ஊழியர், வண்டியை விட்டு இறங்கியதும் காதில் ஒரு ரீங்காரம் ஒலிப்பதையும், வீட்டாரின் பேச்சு சற்று மந்தமாகக் கேட்பதையும் உணர்ந்திருக்கக் கூடும். எஞ்சினின் ஓசையே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுகின்றனர். அது பெரும்பாலும் தவறு. பழுதற்ற சைலென்சர் உள்ள வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்திற்கு மேல் ஓடும்போது, ஓட்டுநரின் செவியை எட்டும் ஓசையில் பெரும்பங்கு காற்றினுடையதே.

இதனை ஆசிரியர்கள் ஒரு பிரம்பைக் கொண்டே விளக்கலாம். (வகுப்பில் பிரம்புக்கு எஞ்சியுள்ள தக்க பயன் இதுவே.) மெல்ல அசைத்தால் ஓசை இல்லை, விரைந்து வீசினால் ‘விர்’ என்கிறது. பிரம்பின் பின்புறத்தில் காற்று சுழல்களாகப் பிரிவதால் எழும் ஒலி அது. மோட்டார் சைக்கிளில் பிரம்பின் இடத்தில் ஓட்டுநரின் தலை இருக்கிறது.

இத்தகைய ஒலியின் ஆற்றல் ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் ஒலியின் ஆற்றல் 64 மடங்கு, அதாவது 18 டெசிபல், உயரும். தலைக்கவசத்தினுள் செய்த அளவீடுகளில், 60 கி.மீ. வேகத்தையொட்டியே இரைச்சல் சுமார் 90 டெசிபலை எட்டுவதாகக் கண்டுள்ளனர். மேற்கூறிய விதிப்படி 80 கி.மீ. வேகத்தில் அது 97 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும் என்பதும் தொழில்நல வல்லுநர் பின்பற்றும் ஒரு கணக்கு. அதன்படி 60 கி.மீ. வேகத்தில் இரண்டரை மணி நேரம் செல்லலாம், 80 கி.மீ. வேகத்திலோ அரைமணி நேரங்கூட இல்லை.

தலைக்கவசம் இவ்விரைச்சலைத் தடுக்காதா எனலாம். உச்சத் தொனிகளை அது ஓரளவு தடுக்கிறது. காற்றிரைச்சலில் மிகுந்துள்ள தாழ்ந்த தொனிகளை அநேகமாக அப்படியே விட்டுவிடுகிறது. இங்கிலாந்திலுள்ள பாத் பல்கலைக்கழகத்தார் காற்றுச் சுரங்கத்தில் நடத்திய சோதனைகள், தாடைக்குக் கீழேயுள்ள திறப்பு இரைச்சலின் முக்கிய பிறப்பிடம் எனக் காட்டின. ஆயினும் மண்டையைக் காப்பது தலைக்கவசமே. செவியின் பொருட்டு அதைக் கழற்றலாகாது.

உட்செவியில் நத்தை ஓடு போன்ற உறுப்பினுள் சுமார் 15,000 மயிரணுக்கள் உள்ளன. அழிந்த அணு மீண்டும் முளைப்பதில்லை. 4,000 அதிர்வெண்ணையொட்டிய தொனிகளைக் கேட்கும் அணுக்களே பெரும்பாலும் முதலில் நலிகின்றன. ச, ஸ போன்ற மெய்யொலிகளைத் தெளிவாக்குவது இந்த உயர்ந்த தொனிகளே. ஆகவே செவி கெடுபவருக்குப் பேச்சு கேட்கும், சொல் விளங்காது. கடைசி வரிசையிலிருந்து மெல்லக் கேட்கும் சிறுமியின் ஐயம் ஆசிரியரை எட்டாது போகிறது. தாய்மார் தாழ்ந்த குரலில் கூறும் விவரத்தைச் சுகாதார ஊழியர் பிழையாகக் குறித்துக்கொள்ள நேரிடும்.

வேகத்தைக் குறைப்பது செலவில்லாத முறை. கழுத்தருகே இடைவெளியின்றிப் பொருந்தும் தலைக்கவசமும் நலம். கழுத்தில் துணியைச் சுற்றி அவ்விடைவெளியை அடைக்கலாம். முனைகளை உடைக்குள் செருகிவிடவேண்டும். முன்புறக் காற்றுத் தடுப்புக் கண்ணாடி எப்போதும் உதவுவதில்லை. அதன் விளிம்பிலிருந்து புறப்படும் சுழற்காற்று தலைக்கவசத்தின்மேல் மோதினால் இரைச்சல் கூடுவதும் உண்டு.

நீண்ட பயணத்திற்கு ஏற்றது நுரைப்பஞ்சாலான காதடைப்பான். பருத்திப் பஞ்சு இதற்கு ஈடாகாது. கைகளைக் கழுவி, அடைப்பானை மெல்லிய திரிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தபடி செருகவேண்டும். அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் தாங்குதல் அவசியம். தம் குரல் தமக்கே கனத்து ஒலித்தால் சரியாகப் பொருந்தியுள்ளது என அறியலாம். அவசரமாகச் செருகியது பாதிப் பயன்கூடத் தராது. தலைக்கவசம் அணியும்போது அது நெகிழாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஹாரன் ஒலி கேட்காது என்ற அச்சம் இயல்பானதே. ஆயின் அடைப்பான் இரைச்சலையும் ஹாரனையும் ஒருசேரக் குறைப்பதால், திறந்த சாலையில் அவற்றின் விகிதம் பெரிதும் மாறுவதில்லை. ஊருக்குள் மெதுவாகச் செல்கையில் அது தேவையில்லை. காதில் சீழ் வடிபவரும், செவிப்பறையில் துளையுள்ளவரும், ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவரும் மருத்துவரைக் கேளாமல் அணியலாகாது. மறுநாள் காலையிலும் ரீங்காரம் நீங்காதிருந்தால், செவித்திறன் சோதனை செய்துகொள்வதைத் தள்ளிப்போடக் கூடாது.