வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருக்கிறீர்களா?

சுவிட்சைப் போட்டதும் பாட்டு வரவில்லையே என்று பதற வேண்டாம். வால்வின் இழை சூடேற அரை நிமிடமாவது பிடிக்கும். காபியை ஆற்றுவதற்குள் தயாராகிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை ஓடவிடாதீர்கள். டிரான்சிஸ்டர் செட் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். வால்வு செட்டில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே பழுதாகிவிடலாம். அதை மாற்றுவது பர்சைப் பதம் பார்க்கும் வேலை. ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், பின்பக்கம் 8 என்று போட்டிருக்கும் முனையிலேயே மாட்டுங்கள்.

பக்கத்துக்கு ஒரே ஒரு இ.எல்.84 வால்வு போட்ட செட் சுமார் 5 வாட்தான் தரும். வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம். ஆனால், 90 டெசிபலுக்குக் குறையாத உணர்திறன் உள்ள ஸ்பீக்கராகத் தேடுங்கள்.

பழைய வால்வு வாங்கும்போது கண்ணாடியின் உட்புறம் வெள்ளிப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அப்புறம் அது ஷோகேஸுக்குத்தான்!

அடிமூடியைக் கழற்றிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். உள்ளே 300 வோல்ட் வாக்கில் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தூசி தட்டுவதென்றாலும் வால்வு நன்றாக ஆறிய பிறகு, மெல்லிய பிரஷ்ஷால்.