பெயர் கேட்காத தளமும் ஆளை அறியும்

கேள்வி: நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தமிழ் விசைப்பலகை, சொல்திருத்தி போன்ற கட்டற்ற மென்பொருள்களை ஓய்வு நேரத்தில் எழுதி, எங்கள் தளத்தில் இலவசமாகத் தருகிறோம். லாகின் இல்லை, விளம்பரமும் இல்லை. கூகுள் அனலிட்டிக்ஸ் போடலாம் என்று ஒருவர் சொல்லப்போய், குழுவில் சண்டையே வந்துவிட்டது. யாருடைய பெயரையும் கேட்காத தளத்தில் அந்தரங்கப் பிரச்சினை எங்கிருந்து வரும்?
- வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் கேட்காவிட்டாலும் உங்கள் சர்வர் எழுதி வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. லாக் கோப்பைத் திறந்து ஏதாவது ஒரு வரியைப் பாருங்கள். வந்தவரின் ஐபி முகவரி, விநாடி சுத்தமாக நேரம், எந்தக் கோப்பைக் கேட்டார், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், என்ன பிரவுசர் என எல்லாம் இருக்கும். ஆளை அடையாளம் காணச் சட்டப்படி வழி இருந்தால், அவ்வப்போது மாறும் ஐபி முகவரியும் தனிநபர் தகவலே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016-ல் பிரையர் வழக்கில் சொல்லிவிட்டது.

அதற்காக லாக்கையே நிறுத்த வேண்டாம். யாராவது தளத்தைத் தாக்கினால் அதுதான் கை கொடுக்கும். டெபியன் லினக்ஸில் அப்பாச்சி சர்வரின் லாக் 14 நாள் சுழற்சியில் தானே அழிந்துவிடும். உங்களுக்கு அது போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று யாரும் அதை ஒரு வருடமாக மாற்றியிருக்கிறார்களா, பேக்கப்பில் பழைய லாக் தங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, உங்கள் முகப்புப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். டொமைன் என்ற பத்தியில் உங்கள் தளத்தின் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயர் வந்தாலும், வாசகரின் ஐபி முகவரி அங்கேயும் போயிருக்கிறது என்று அர்த்தம். தமிழ்த் தளங்களில் அந்த வேறு பெயர் பெரும்பாலும் கூகுள் ஃபாண்ட்ஸ். அது குக்கீ எதுவும் வைப்பதில்லைதான். ஆனாலும் ஐபி முகவரி போன ஒரே காரணத்துக்காக, 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளக்காரரை 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதன்பின் ஜெர்மனியில் பணம் கேட்டுக் கடிதம் அனுப்புவதையே சிலர் தொழிலாக்கிக்கொண்டார்கள். அது தனிக் கூத்து. மீரா இனிமை, முக்தா மலர் போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில்தான் வருகின்றன. இறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. நிறுவும் முறையைக் காட்டும் யூடியூப் வீடியோவைப் பக்கத்தில் பதிக்காமல், ஒரு படமும் இணைப்பும் கொடுங்கள். குக்கீ இல்லாத யூடியூப் முகவரி என்று ஒன்று உண்டு. அதிலும் ஐபி போகத்தான் செய்யும்.

சண்டைக்கு வருவோம். வேண்டாம் என்றவர் பக்கம்தான் நான். எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதுதான் கேள்வி என்றால், இருக்கிற லாக்கையே கோஅக்சஸ் என்ற கருவி எண்ணிச் சொல்லிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால், மட்டோமோ என்ற அனலிட்டிக்ஸ் மென்பொருளை உங்கள் சர்வரிலேயே நிறுவி, ஐபி முகவரியின் கடைசி இரண்டு பகுதிகளை மறைத்துவிடுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் விசைப்பலகை எங்கும் எதையும் அனுப்பாமல் இருப்பது. அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தானே போகிறது! எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் பயன்படுகின்றன என்ற கணக்கை அனுப்பலாமா என்று டெபியன்கூடப் பயனரைக் கேட்கிறது. பேசாமல் என்டர் தட்டினால் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்கிறது.

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. தன்னார்வக் குழு என்பதற்காகத் தனி விலக்கு அதில் இல்லை. ஆகவே தளத்தில் ஓர் அந்தரங்க அறிவிப்பு வையுங்கள். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஆங்கில அறிவிப்பு 'எங்கள் விளம்பரக் கூட்டாளிகள்' என்று ஆரம்பிக்கும், உங்களுக்கோ விளம்பரமே கிடையாது. எதைப் பதிகிறீர்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், யார் பார்க்கலாம் என்று தமிழில் நான்கு வரி எழுதுங்கள்.

'யார் பார்க்கலாம்' என்ற வரியை எழுதும் முன் சர்வரில் யார் யாருடைய எஸ்எஸ்எச் சாவி இருக்கிறது என்று பாருங்கள். குழுவை விட்டு எப்போதோ போனவர்களின் சாவி இன்னும் இருந்தால், முதல் வேலையாக அதை நீக்குங்கள்.